500 ரூபாய் சலானுக்காகக் கோர்ட் படி ஏறலாமா?

கேள்வி கேட்டவரின் நிலைமை இது. சிவப்பு விழுந்து சிக்னலில் பைக்கோடு முதல் ஆளாக நிற்கிறார். பின்னால் ஆம்புலன்ஸ் வந்து சைரன் போட்டபடி நிற்கிறது. நகர வேறு இடம் இல்லாததால், ஸ்டாப் லைனைத் தாண்டி இரண்டு வண்டி நீளம் முன்னே போய், இடப்பக்கம் ஒதுங்கி வழிவிட்டிருக்கிறார். பத்து நாள் கழித்து மொபைலில் சலான் வருகிறது. ஸ்டாப் லைனைத் தாண்டியதற்கு 500 ரூபாய். "கட்டிவிட்டுப் போய்விடலாமா, கோர்ட்டுக்குப் போகலாமா? வக்கீல் ஃபீஸே அதைவிட அதிகம் ஆகும் என்கிறார்கள்" என்று கேட்கிறார்.

நான் தமிழ்நாட்டில் மாஜிஸ்திரேட் கோர்ட்டுகளில் பல வருடமாக வழக்கு நடத்துகிறவன். இந்தக் கேள்வி வாரத்துக்கு இரண்டு முறையாவது என்னிடம் வரும். இவருக்கு என் பதில்: கட்ட வேண்டாம், எதிர்த்து நில்லுங்கள். ஆனால் முதல் படி கோர்ட் கிடையாது. அதைக் கடைசியில் சொல்கிறேன். மற்றவர்களுக்கும் இது பயன்பட வேண்டும் என்பதால், எந்தச் சலானை எதிர்க்கலாம், எதைக் கட்டிவிடுவது நல்லது என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எல்லோரும் முதலில் பார்ப்பது தொகையைத்தான். 500 என்றால் கட்டிவிடுவோம், 5,000 என்றால் எதிர்ப்போம் என்று கணக்குப் போடுகிறார்கள். என் அனுபவத்தில் சலானில் கடைசியாகப் பார்க்க வேண்டியதே தொகை. முதலில் பார்க்க வேண்டியது பிரிவு எண். அப்புறம் படம்.

அதற்கும் முன்னால், வந்தது உண்மையான சலான்தானா என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு ஏ.பி.கே. கோப்பை (போனில் ஆப்பை நிறுவும் கோப்பு) அனுப்பி "உங்கள் சலானைப் பார்க்க இதைத் திறக்கவும்" என்று ஏமாற்றுகிறார்கள். அதை இன்ஸ்டால் செய்தால் வங்கிக் கணக்கே காலியாகிவிடும். எந்த மெசேஜில் வந்த லிங்க்கையும் தொடாதீர்கள். அரசின் பரிவாகன் சலான் தளத்துக்கு நீங்களே போய், வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். அங்கே இருந்தால் உண்மை.

இப்போது பிரிவு எண். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல் வந்தது. 2019 திருத்தத்தில் அபராதங்கள் பல மடங்கு ஏறின. தமிழ்நாடு 2022 அக்டோபரில் புதிய தொகைகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இதில் பிரிவு 177 என்பது பொதுப் பிரிவு. வேறு தண்டனை சொல்லப்படாத மீறல்கள் எல்லாம் இதில் வரும். முதல் தடவை 500 ரூபாய் வரை, மறுபடி செய்தால் 1,500 வரை. அவ்வளவுதான், சிறை கிடையாது. பிரிவு 184 அப்படி இல்லை. அது அபாயகரமாக ஓட்டுவது. சிவப்பு விளக்கைத் தாண்டுவது, ஓட்டும்போது கையில் போன் வைத்துப் பேசுவது, எதிர்த்திசையில் வருவது எல்லாம் 2019-க்குப் பிறகு இதற்குள் வந்துவிட்டன. முதல் குற்றத்துக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும்.

ஆக, ஸ்டாப் லைனை ஓரடி தாண்டி நின்றதையும் சிவப்பில் பறந்துபோனதையும் பேச்சுவழக்கில் "சிக்னல் கேஸ்" என்றே சொல்கிறோம். சட்டத்தில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். முன்னதைச் செய்தவர்மேல் பின்னதற்கான பிரிவைப் போட்டிருந்தால், தொகை சின்னதாக இருந்தாலும் எதிர்க்க வேண்டிய சலான் அது.

ஏன் என்றால் லைசென்ஸ். வேகம் (183), அபாயகரமாக ஓட்டுவது (184), குடித்துவிட்டு ஓட்டுவது (185), ஹெல்மெட் இல்லாமல் ஓட்டுவது (194டி), ஆம்புலன்ஸ் போன்ற அவசர வண்டிக்கு வழிவிடாதது (194இ) போன்ற சில பிரிவுகளில், போலீஸ் உங்கள் லைசென்ஸை வாங்கி ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்பலாம். பிரிவு 206 அதற்கு அதிகாரம் தருகிறது. முதல் தடவை மூன்று மாதம் லைசென்ஸ் போகலாம். பணம் கட்டியதோடு இந்த நடவடிக்கை நின்றுவிடாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். ஆபீஸ் போய்வர பைக் ஓட்டுகிறவருக்கு மூன்று மாதம் பஸ்ஸில் போகும் சிரமம். ஆட்டோ, கால் டாக்ஸி, லாரி ஓட்டிப் பிழைக்கிறவருக்கு அது மூன்று மாதச் சாப்பாடு. இவர்களில் யாராவது "ஆயிரம் ரூபாய்தானே சார், கட்டிவிடுகிறேன்" என்றால், பிரிவு எண்ணைப் படித்துக் காட்டாமல் நான் அனுப்புவதில்லை.

பணம் கட்டுவது என்றால் என்ன என்பதும் புரிந்திருக்க வேண்டும். பிரிவு 200-ன்படி, குறிப்பிட்ட குற்றங்களைத் தொகை கட்டி முடித்துக்கொள்ளலாம். இதைத்தான் ஸ்பாட் ஃபைன் என்கிறோம். கட்டியதும் அபராத வழக்கு முடிந்தது. கோர்ட் இல்லை, வாய்தா இல்லை. அதே நேரம் திரும்பிப் போகும் வழியும் இல்லை. "இப்போதைக்குக் கட்டிவிட்டு, அப்புறமாக வாதாடி வாங்கிக்கொள்கிறேன்" என்று வருகிறவர்களிடம் நான் சொல்வதற்கு ஒன்றும் இருப்பதில்லை. எதிர்ப்பதா வேண்டாமா என்ற முடிவைக் கட்டுவதற்கு முன்பே எடுத்தாக வேண்டும்.

பிரிவைப் பார்த்தாயிற்று. அடுத்தது, தப்பு செய்தோமா இல்லையா என்று உங்களை நீங்களே கேட்பது. இதை மனசாட்சிக்காக மட்டும் சொல்லவில்லை. கோர்ட்டில் நிற்கும் வாதம் எது என்பதும் இதிலிருந்துதான் தெரியும். ஹெல்மெட் சலானோடு வந்த ஒருவர், "நான் போட்டிருந்தேன், படத்திலேயே தெரிகிறது பாருங்கள்" என்று போனை நீட்டினார். பெரிதாக்கிப் பார்த்தேன். ஹெல்மெட் தலையில்தான் இருந்தது. தாடைக்குக் கீழே பட்டை இரண்டு பக்கமும் தொங்கிக்கொண்டிருந்தது. சட்டத்தின் பிரிவு 129, பட்டையால் இறுக்கிக் கட்டிய ஹெல்மெட்டைத்தான் ஹெல்மெட் என்கிறது. அவருக்கு அது தெரியாது. கட்டிவிடுங்கள் என்று அனுப்பினேன். பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்பதை மறந்து வருகிறவர்களும் நிறைய. நான்கு வயதுக்கு மேற்பட்ட யாராக இருந்தாலும் சரி. "பக்கத்துத் தெருவுக்குத்தான் போனேன்", "எல்லோரும்தான் அப்படிப் போகிறார்கள்", "எனக்கு முன்னால் போனவனைப் பிடிக்கவில்லை" என்பதெல்லாம் வீட்டில் பேசலாம். மாஜிஸ்திரேட் முன்னால் அவை குற்றத்தை ஒப்புக்கொண்டதற்குச் சமம்.

இனி, எதிர்த்தே ஆக வேண்டிய வகைகளுக்கு வருகிறேன். இதில் என் மனதுக்கு மிக நெருக்கமானது, உங்கள் வண்டியே இல்லாத ஒரு வண்டிக்காக உங்களுக்கு வரும் சலான். கேமரா நம்பர் பிளேட்டைத் தவறாகப் படிக்கும். 8-ஐ 3 என்று எடுக்கும், டி-யை ஓ என்று எடுக்கும், பிளேட்டில் சேறு ஒட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம். மதுரையில் பழைய ஸ்பிளெண்டர் வைத்திருந்த ஒரு பெரியவருக்கு, அவர் போயே இராத ஊரில் ஹெல்மெட் இல்லாமல் போனதாகச் சலான். மகன் கட்டிவிடலாம் என்கிறார். பெரியவர் கேட்கவில்லை. "நான் செய்யாததுக்கு நான் ஏன்டா கட்டணும்?" என்று அவர் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. சலானைத் திறந்தால் படத்தில் இருந்தது ஒரு ஸ்கூட்டர். எண்ணில் ஒரே ஒரு இலக்கம் வேறு. ஆர்.சி. நகலையும், அவருடைய வண்டியை முன்னும் பின்னும் எடுத்த படத்தையும், சலானில் வந்த படத்தையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக வைத்து, கீழே நான்கு வரி எழுதிப் புகார் கொடுத்தோம். சலான் ரத்தானது. கோர்ட் பக்கமே போகவில்லை.

எண்ணும் அச்சாக உங்களுடையதே, வண்டி மட்டும் வேறு என்றால் விஷயம் இன்னும் தீவிரம். யாரோ உங்கள் எண்ணைப் போட்டுக்கொண்டு ஓட்டுகிறார்கள். அதில் சலானோடு நிறுத்தாதீர்கள். ஸ்டேஷனில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி வையுங்கள். நாளைக்கு அந்த வண்டி ஒரு விபத்தில் மாட்டினால், உங்கள் வீட்டுக் கதவைத் தட்டும்போது காட்டுவதற்கு அந்த ரசீதுதான் கையில் இருக்கும்.

விற்ற வண்டிக்கு வரும் சலான் வேறு கதை. பெயர் மாற்றத்துக்கான 29, 30 ஃபாரங்களில் கையெழுத்துப் போட்டு, தேதி போடாமல் புரோக்கரிடம் கொடுத்துவிட்டு மறந்துபோயிருப்பார்கள். இரண்டு வருடம் கழித்து சலான் வரும். விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது சட்டம். வேறு மாநிலத்தில் விற்றால் 45 நாள். பெயர் மாறாதவரை சட்டத்தின் கண்ணில் பதிவுச் சான்றில் இருப்பவர்தான் உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றமும் 2018-ல் ஒரு விபத்து வழக்கில் சொல்லிவிட்டது. அபராத வழக்கில் ஓட்டியவர் யார் என்று சொல்லித் தப்பிக்க வழி உண்டு என்றாலும், சலானோடு மல்லுக்கட்டுவதைவிட வாங்கியவரைத் தேடிப் பிடித்துப் பெயரை மாற்றுவதுதான் முதல் வேலை.

வேகத்துக்கான சலானில்தான் சட்ட நுணுக்கம் அதிகம். இதில் சிலவற்றை வக்கீல்களே மறந்துவிடுகிறார்கள். 183, 184 வழக்குகளில் பிரிவு 209 ஒரு பாதுகாப்பைத் தருகிறது. சம்பவம் நடந்தபோதே வழக்கு வரலாம் என்று உங்களை எச்சரித்திருக்க வேண்டும். இல்லை, 14 நாளுக்குள் உங்களுக்கோ பதிவு உரிமையாளருக்கோ பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பியிருக்க வேண்டும். அதுவும் இல்லை என்றால் 28 நாளுக்குள் சம்மன் சேர்ந்திருக்க வேண்டும். மூன்றில் ஒன்றும் நடக்காவிட்டால் தண்டிக்க முடியாது. முகவரி கண்டுபிடிக்க முடியாமல் போனது, உங்கள் நடத்தையால் தாமதம் ஆனது போன்ற விலக்குகள் உண்டு. அடுத்து, ஒரே ஒரு சாட்சி "வேகமாகத்தான் போனார் என்று நினைக்கிறேன்" என்று சொன்னதை மட்டும் வைத்து வேகத்துக்குத் தண்டிக்கக் கூடாது. கருவியால் அளந்திருக்க வேண்டும்.

அந்தக் கருவிக்கும் விதி இருக்கிறது. 2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ என்று ஒரு விதி வந்தது. கேமரா, ஸ்பீடு கன் போன்றவற்றுக்கு மாநில அரசின் ஒப்புதல் சான்று இருக்க வேண்டும், அதை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். கேமரா இருக்கும் பகுதிக்கு முன்பே எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். சலானில் மீறலும் நம்பர் பிளேட்டும் தெளிவாகத் தெரியும் படம், அளவு, தேதி, நேரம், இடம், மின்னணுச் சாட்சியத்துக்கான சான்றிதழ் எல்லாம் இருக்க வேண்டும். நோட்டீஸை 15 நாளுக்குள் அனுப்பியிருக்க வேண்டும். உங்கள் சலானை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எது இல்லை என்று புகாரில் குறிப்பிட்டுக் கேளுங்கள். பொத்தாம் பொதுவாக "தவறான சலான்" என்று எழுதினால் யாரும் இரண்டாவது முறை பார்க்கமாட்டார்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். வேக வரம்பு வண்டிக்கு வண்டி மாறும். சென்னையில் 2023 நவம்பரில் மாற்றியமைத்தபோது காருக்கு 60, பைக்குக்கு 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புச் சாலைகளில் எல்லா வண்டிக்கும் 30 கிலோமீட்டர் என்று வைத்தார்கள். பைக்கில் 57-ல் போய்விட்டு "60 வரை போகலாமே" என்று கோர்ட்டுக்கு வந்தால் தோற்பது நிச்சயம்.

ஆவணச் சலான்கள் பெரும்பாலும் எளிதில் தீரும். அரசு ஆப்களான டிஜிலாக்கரிலோ எம்-பரிவாகனிலோ ஆர்.சி., லைசென்ஸ், இன்ஷூரன்ஸ் காட்டினால் அது காகிதத்துக்குச் சமம் என்று 2018-லேயே விதியைத் திருத்திவிட்டார்கள். அதை ஏற்காமல் போட்ட சலானை எதிர்க்கலாம். இன்ஷூரன்ஸ் அன்றைய தேதியில் நடப்பில் இருந்தும் கணினியில் ஏறாமல் போனதால் வந்த சலான் என்றால், பாலிசி நகலைக் கொடுத்தாலே முடிந்துவிடும். உண்மையிலேயே இன்ஷூரன்ஸ் இல்லை என்றால் எதிர்ப்பதை மறந்துவிட்டு, அன்றைக்கே பாலிசி எடுங்கள். விபத்து நடந்தால் வரும் இழப்பீட்டுக்கு முன்னால் 2,000 ரூபாய் அபராதம் ஒன்றுமே இல்லை.

குடித்துவிட்டு ஓட்டிய வழக்கைப் பற்றிச் சுருக்கமாக. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் குற்றம். முதல் தடவை 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும். தொகை கட்டி முடித்துக்கொள்ளும் பட்டியலில் இந்தக் குற்றம் இல்லை, கோர்ட்டுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். இதை எதிர்ப்பதாக இருந்தால் வக்கீல் இல்லாமல் போகாதீர்கள்.

சரி, எதிர்ப்பது என்று முடிவெடுத்தால் கோர்ட்டில் என்ன நடக்கும்? பயம் பாதி அது தெரியாததால்தான் வருகிறது.

சலான், ஆன்லைனில் இயங்கும் விர்ச்சுவல் கோர்ட்டுக்குப் போயிருந்தால், அந்தத் தளத்தில் இரண்டு வாய்ப்புகள் இருக்கும். கட்டி முடிப்பது ஒன்று, வழக்கை எதிர்கொள்வது இன்னொன்று. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் வழக்கு, சம்பவம் நடந்த எல்லைக்குட்பட்ட மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போகும். "நடந்த எல்லை" என்பதைக் கவனியுங்கள். கோவையில் இருப்பவருக்குச் சென்னையில் வந்த சலான் என்றால், ஒவ்வொரு வாய்தாவுக்கும் சென்னைக்குத்தான் வர வேண்டும். எதிர்ப்பதா என்று முடிவு செய்யும்போது இந்தத் தூரத்தைக் கணக்கில் எடுக்காதவர்கள் பிறகு வருந்துகிறார்கள்.

காலையில் கோர்ட் ஹாலுக்கு வெளியே ஒரு கூட்டம் நிற்கும். எஸ்.டி.சி. என்று சொல்லும் சுருக்கமுறை வழக்குகளில் பெயர்களை வரிசையாகக் கூப்பிடுவார்கள். மாஜிஸ்திரேட் குற்றச்சாட்டைச் சொல்லி, "ஒப்புக்கொள்கிறீர்களா?" என்று கேட்பார். முன்னால் நிற்கும் பத்துப் பேரும் தலையாட்டிவிட்டு அபராதம் கட்டப் போவார்கள். உங்கள் முறை வரும்போது உங்களை அறியாமலே தலை ஆடிவிடும். அந்த இடத்தில்தான் தெளிவாக, சத்தமாக, "இல்லைங்க ஐயா, நான் குற்றம் செய்யவில்லை" என்று சொல்ல வேண்டும். நிதானமாகச் சொன்னால் போதும், விளக்கம் வேண்டாம். விளக்கம் சொல்லத் தொடங்கினால், "தாண்டியது உண்மைதான், ஆனால்..." என்று வாய் தவறி ஒப்புக்கொண்டுவிடுவீர்கள்.

அதற்குப் பிறகு அரசுத் தரப்புச் சாட்சியத்துக்காக வாய்தா போடுவார்கள். வழக்குப் போட்ட அதிகாரி வந்து சாட்சி சொல்வார், நீங்களோ உங்கள் வக்கீலோ குறுக்கு விசாரணை செய்யலாம். அப்புறம் உங்கள் தரப்பு, அப்புறம் தீர்ப்பு. இது ஒரே நாளில் முடிவது அபூர்வம். அதிகாரிக்கு பந்தோபஸ்து டூட்டி இருக்கும், வரமாட்டார், இன்னொரு வாய்தா. தினக்கூலிக்குப் போகிறவருக்கு ஒவ்வொரு வாய்தாவும் ஒரு நாள் கூலி. நிரபராதி என்று விடுதலையானாலும் அந்த நாட்களுக்கு யாரும் பணம் தரப்போவதில்லை. இதை மறைத்துவிட்டு "உரிமைக்காகப் போராடுங்கள்" என்று என்னால் சொல்ல முடியாது.

தோற்றால் என்ன ஆகும்? ஸ்பாட் ஃபைன் தொகைக்குக் கோர்ட் கட்டுப்பட்டதில்லை, அந்தப் பிரிவின் உச்சவரம்பு வரை விதிக்கலாம். அதனால்தான் பிரிவு எண்ணை முதலில் பாருங்கள் என்றேன். 177 என்றால் முதல் தடவை உச்சமே 500தான், தோற்றாலும் போவது அதே 500. காருக்கான வேகச் சலான் என்றால் 1,000 என்பது 2,000 ஆகலாம். 184 என்றால் சிறை வரை சட்டத்தில் இடம் இருக்கிறது, அதை லேசாக எடுக்க வேண்டாம்.

வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடலாம், சட்டம் தடுக்கவில்லை. 177, 194டி போன்றவற்றில் படமே பேசும் என்றால் தாராளமாக நீங்களே போகலாம். சாட்சியை மடக்க வேண்டும், கருவியின் சான்றைக் கேட்க வேண்டும் என்றால் வக்கீல் நல்லது. காசு இல்லையே என்று விட்டுவிட வேண்டாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழில்துறைத் தொழிலாளர்கள், வருமானம் குறைந்தவர்கள் ஆகியோருக்கு 1987-ம் வருடச் சட்டப்பணிகள் சட்டப்படி இலவச வக்கீல் கிடைக்கும். கோர்ட் வளாகத்திலேயே சட்டப்பணிகள் குழுவின் அலுவலகம் இருக்கும், போய்க் கேளுங்கள்.

லோக் அதாலத்துக்குக் கொண்டுபோகலாமா என்றும் கேட்பார்கள். அது சமரசத்துக்கான இடம். தப்பு நடந்திருக்கிறது, தொகை கட்டுக்கடங்கவில்லை, பழைய சலான்கள் சேர்ந்துவிட்டன என்பவர்களுக்கு அது பொருந்தும். அங்கே முடிந்த பிறகு அப்பீல் இல்லை. "நான் செய்யவே இல்லை" என்பவருக்கான இடம் அது கிடையாது.

கட்டவும் மாட்டேன், எதிர்க்கவும் மாட்டேன் என்று அப்படியே விட்டுவிடுவதைத்தான் பெரும்பாலோர் செய்கிறார்கள். இதைவிட மோசமான முடிவு இல்லை என்பேன். அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றத்துக்கு ஆறு மாதத்துக்குள் கோர்ட் வழக்கை எடுக்க வேண்டும் என்று காலவரம்பு இருப்பது உண்மைதான். 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது பிரிவு 514. ஆனால் தாமதத்தை மன்னிக்கவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. அதைவிட, கணினியில் அந்தச் சலான் நிலுவை என்றே நின்றுகொண்டிருக்கும். வண்டியை விற்கப் போகும் நாளில், எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) எடுக்கப் போகும் நாளில் ஆர்.டி.ஓ. ஆபீசில் அது தலைகாட்டும். வாங்க வந்தவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்க, அவசரத்துக்குக் கட்டிவிட்டு எழுந்து வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலர் உண்மையிலேயே தப்பு செய்யாதவர்கள். அதுதான் எனக்கு வருத்தம். இதே காரணத்தால், எதிர்த்து வழக்கு நடத்தினாலும் முடியும்வரை சலான் நிலுவையில் இருக்கும். அடுத்த மாதம் வண்டியை விற்கப்போகிறீர்கள் என்றால் அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஆம்புலன்ஸுக்கு வழிவிட்டவரிடம் வருகிறேன்.

உங்கள் சலானில் பிரிவு 177 என்றுதான் இருக்கும் என்று தொகையை வைத்து ஊகிக்கிறேன், ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அப்படியென்றால் தோற்றாலும் உங்களுக்குப் பெரிய இழப்பு இல்லை. உங்கள் பக்கம் இருக்கும் வாதமோ வலுவானது. அதே சட்டத்தின் 194இ, ஆம்புலன்ஸுக்கு வழிவிடாவிட்டால் 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. ஒதுங்காமல் நின்றிருந்தால் அந்தக் குற்றம், ஒதுங்கியதால் இந்தச் சலான். இரண்டையும் ஒரே மனுவில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினாலே படிக்கிற அதிகாரிக்கு விளங்கிவிடும்.

நீங்கள் நிரூபிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: அந்த நேரத்தில் ஆம்புலன்ஸ் அங்கே இருந்தது. சலானில் வந்த படம் ஒரு நொடியை மட்டும் காட்டுகிறது. அதற்கு முன்னும் பின்னும் உள்ள ஒரு நிமிடக் காட்சியில் எல்லாம் இருக்கும். சலானுக்கான படத்தை வழக்கு முடியும்வரை வைத்திருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் முன்னும் பின்னும் உள்ள அந்தக் காட்சிகள் நாள் போகப்போக அழிந்துவிடலாம். அதனால் இன்றைக்கே சலான் தளத்தில் உள்ள புகார்ப் பகுதியில் சலான் எண், தேதி, மணி, சிக்னல் பெயர் போட்டு எழுதுங்கள். "இந்த நேரத்துக்கு முன்னும் பின்னும் ஒரு நிமிடக் கேமரா பதிவை அழிக்காமல் பாதுகாத்துப் பார்வையிடக் கேட்டுக்கொள்கிறேன்" என்ற வரியை விட்டுவிடாதீர்கள். அதே மனுவைத் தாளில் எழுதி, அந்தப் பகுதி டிராஃபிக் போலீஸ் அலுவலகத்தில் நேரில் கொடுத்து, நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். கூடவே 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு தகவல் உரிமை மனு போட்டு அந்தப் பதிவைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். பின்னால் நின்ற கார்க்காரர் யாரிடமாவது டேஷ்கேம் பதிவு இருந்தால் அதையும் வாங்கி, எடுத்த கருவியோடு பத்திரப்படுத்துங்கள். கோர்ட்டில் அதைக் கொடுக்கும்போது மின்னணுச் சாட்சியத்துக்கான சான்றிதழ் வைக்க வேண்டியிருக்கும்.

பெரும்பாலும் இது புகார் நிலையிலேயே முடிந்துவிடும் என்றுதான் எதிர்பார்க்கிறேன். முடியாமல் சம்மன் வந்தால், சீல் போட்ட அந்த நகலை எடுத்துக்கொண்டு குறித்த தேதியில் போங்கள். பெயர் கூப்பிட்டதும் சொல்ல வேண்டியதை மேலே எழுதியிருக்கிறேன்.